புகைத்தண்ணிக் கேன்

1. சோதனைச் சாவடி

கல்வராயன் மலைக்கு நான் கேஸிஃபையர் ஏற்றிக்கொண்டு போன அன்று அடிவாரத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டார்கள். மினி லாரியின் பின்னால் இரண்டு இரும்புப் பேரல், வளைத்த குழாய்கள், ஒரு ஊதுவிசிறி, காலிக் கேன். கருணாபுரத்து விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு மலைக்குப் போகிற தகர டப்பாவைக்கூடத் திறந்து மோந்து பார்த்த காலம் அது. என் சாமான்களைப் பார்த்தால் சாராய அடுப்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"இன்னாய்யா இது, கடையையே தூக்கிக்கினு போறியா?" என்றார் ஏட்டு.

"கேஸ் மிஷினுங்க சார். கட்டைய எரிச்சி இன்ஜின் ஓட்றது."

"கட்டைய எரிச்சா புகை வரும். இன்ஜின் எப்டிய்யா ஓடும்?"

"அந்தப் புகைதாங்க ஓட்டுது."

பக்கத்தில் நின்ற இளம் போலீஸ்காரர் சிரித்துவிட்டார். "சார், இந்தாளே ஒரு ரவுண்டு போட்டுட்டுதான் வந்துக்கிறான்."

ஊதச் சொன்னார்கள், ஊதினேன். பிறகு ஏட்டு, "வூட்ல யாருக்காச்சும் போன் போட்டுக் குடு. நான் பேசிக்கறேன்" என்றார்.

"போன் போட்ற மாதிரி யாரும் இல்லீங்க."

கடைசியில் வண்டியை அனுப்பிய ஜமால் பாயின் நம்பரைக் கொடுத்தேன். கள்ளக்குறிச்சியில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர். என் மெஷினில் பாதி அவர் கடைச் சாமான். போனை ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"அது பைத்தியந்தான் சார்" என்றார் பாய். "ஆனா காய்ச்சற பைத்தியம் இல்ல. வெல்டிங் பைத்தியம். வுட்டுடுங்க."

விட்டுவிட்டார்கள்.

2. மெஷின்

நான் ஏழாவதோடு நின்றவன். போர்வெல் லாரியோடு வடக்கே சுற்றினேன். ரிஷிவந்தியம் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற கொட்டகையில் அடுப்புக்குக் கரும்புச் சோகை தள்ளினேன். வெல்டிங் கற்றுக்கொண்டேன். ஆந்திராவில் ஒரு அரிசி மில்லில் கேஸிஃபையர் ஓட்டை அடைக்கப் போனபோதுதான் இந்த வேலையைப் பார்த்தேன். எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டித் தங்கினதில்லை. ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

செய்து பார்க்க நினைக்கிற பிள்ளைகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டையை முழுதாக எரியவிடக் கூடாது. காற்றைக் கம்மியாகக் கொடுத்தால் கட்டை வெந்து, எரியக்கூடிய வாயு வரும். மேல் பேரலில் கட்டை போடுவோம். அடியில் ஒடுங்கிய தொண்டை இருக்கும், நான் பழைய லாரி பிரேக் டிரம்மை வைத்தேன். வாயு அந்தத் தொண்டையில் சிவந்து கிடக்கும் கரி வழியாகத்தான் இறங்க வேண்டும், அப்போதுதான் புகையில் இருக்கும் தார் உடையும். பிறகு சாம்பல் பிரிக்க ஒரு சைக்ளோன், ஆறவைக்கக் குழாய்கள், தேங்காய் நார் அடைத்த ஃபில்டர். அங்கிருந்து டீசல் இன்ஜினின் காற்று வாய்க்கு. டீசல் முழுக்க நிற்காது, பெரும்பகுதி மிச்சமாகும்.

இந்த வாயு ஆளைக் கொல்லும். மூடிய அறையில் ஒருநாளும் ஓட்டாதீர்கள். வலி தெரியாது. தலை கனக்கும், தூக்கம் வரும், முடிந்தது. நான் நாலு பக்கமும் திறந்த கொட்டகையில்தான் ஓட்டுவேன். தனியாளாகத் திரிகிறவன் விழுந்தால் யாரும் தேட மாட்டார்கள்.

இதில் வீணாகிறது கொஞ்சம்தான். அடியில் விழும் கரியை இஸ்திரி போடுகிறவர்கள் வாங்குவார்கள். தாரை வேலிக்காலில் பூசினால் கரையான் அண்டாது. குழாய்கள் ஆறும் இடத்தில் பழுப்பாக ஒரு தண்ணீர் சொட்டும். அதைப் புகைத்தண்ணி என்போம். களமருதூரில் கத்திரி போட்ட சிலர் அதை நிறையத் தண்ணீர் கலந்து பூச்சிக்கு அடித்தார்கள். புளிப்பும் கருகலும் சேர்ந்த வாடை, தொட்டால் கையை விட்டுப் போகாது. அதற்குள் மர ஸ்பிரிட் என்கிற மெத்தனாலும் கொஞ்சம் இருக்கும். கருணாபுரத்துச் சாராயத்தில் ஆட்களைக் கொன்ற அதே விஷம்.

3. மல்லிகா சொன்னது

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். மல்லிகா அங்கே மரவள்ளி நட்டிருந்தார். தண்ணீர் பள்ளத்து ஓடையில், நிலம் மேட்டில். இருந்தது ஒரு டீசல் இன்ஜின். கீழேயிருந்து டீசல் சுமந்து கட்டுப்படியாகவில்லை. பாய் கடைக்குப் பழைய பம்பு கேட்டு வந்தவரிடம் பாய் என்னைக் காட்டினார். போன வருஷத்து மரவள்ளிக் குச்சி காய்ந்து மலையாகக் கிடந்தது. எரிபொருளுக்குப் பஞ்சம் இல்லை.

முதல் நாளே கேனைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணா, இதுல சொட்றது இன்னாது?"

மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் மாறியது. அவர் புருஷன் சடையன் கூலிக்குக் கீழே போன இடத்தில் விஷச்சாராயம் குடித்தவர். உயிர் தங்கியது, இரண்டு கண்ணும் போய்விட்டன.

"அவுரு ஒரு சொட்டு வாயில வெச்சார்னு தெரிஞ்சா, அன்னிக்கே இந்த மிஷினு கீழ போய்டணும். இப்பவே சொல்லிட்டேன்."

கேனில் சிவப்புப் பெயிண்ட் அடித்து, இறுக்கி மூடி, கொட்டகைக்குப் பின்னால் வைத்தேன்.

4. மச்சான்

இன்ஜின் ஓட ஆரம்பித்தால் சடையன் வந்துவிடுவார். கையை முன்னே நீட்டி, சத்தத்தைப் பிடித்துக்கொண்டே மெல்ல வருவார். கட்டை அடுக்கின்மேல் உட்கார்ந்து காதைத் திருப்பிக் கேட்பார்.

"இன்னா, உன் மிஷினு இருமுது?"

"ஈரக் கட்டை வுழுந்துடுச்சி."

"தெரியுது. அவ உன்ன அண்ணான்றா. அப்ப நீ எனக்கு மச்சான் முறை ஆவுது. மச்சான் வூட்டுக்கு வந்தவனுக்கு இன்னா தருவ?"

"கரி இருக்குது. துன்றியா?"

"வெச்சிக்க. உம் மூஞ்சிக்குப் பூசு. நான் பாக்கப் போறதில்ல."

இரண்டு பேரும் சிரித்தோம். யாரும் என்னை முறை வைத்துக் கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

தண்ணீர் பாய்ந்து முடியும் நேரத்தில் மல்லிகா வந்து கையைப் பிடித்து அழைத்துப்போவார். ஓடைக்குக் குளிக்கப் போனாலும் அவர் கைதான். இன்ஜின் நின்றதும் மலை முழுக்க ஒரு அமைதி இறங்கும். நான் கொட்டகையில் உட்கார்ந்து சாம்பல் ஆறுவதைப் பார்ப்பேன். அவர்கள் வீடு கூப்பிடு தூரம்தான். ஆனால் கூப்பிடவும் போகவும் எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

5. கேனில் குறைந்தது

ஒரு காலையில் கேனைத் தூக்கினேன், லேசாக இருந்தது. மூடி அரைகுறையாகத் திருகியிருந்தது. மறுநாளும் குறைந்தது. மூடியைச் சுற்றி விரல் தடம் பழுப்பாக இருந்தது. தடவித் தேடித் திறந்த கை.

சொன்னால் மெஷின் இறங்கிவிடும். வெயில் காலம், மரவள்ளிக்கு இலை சுருள ஆரம்பித்திருந்தது. சொல்லாமல் இருந்து இன்னொருவர் உயிர் போனால் நான் எந்த ஊருக்குப் போய் என்ன செய்வது? நேரே மல்லிகாவிடம் போய்ச் சொன்னேன்.

சடையன் தூங்கிக்கொண்டிருந்தார். மல்லிகா குனிந்து அவர் கையை மோந்தார். வேட்டியை மோந்தார். வெளியே வந்து, "அதே நாத்தம்" என்றார்.

"எழுப்பிக் கேக்கலாம்மா."

"கேட்டா சொல்லுவாரா? அன்னிக்கும் குடிக்கவே இல்லன்னுதான் சொன்னாரு. சொல்லிக்கினே கண்ணு போச்சி. கழட்டிடுண்ணா."

"பயிரு காயுமே."

"காஞ்சா அடுத்த வருசம் நடுவேன். இந்தாளு போனா எத நடுவேன்?"



மறுநாள் காலையில் ஃபில்டர் பேரலின் போல்ட்டுகளை எடுத்தேன். குழாயைக் கழற்றிக் கீழே வைத்தேன். அதற்குமேல் கை ஓடவில்லை. ஸ்பானரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கும் சத்தம் இல்லை.

அப்போது சடையன் வருவதைப் பார்த்தேன். தனியாக வந்தார். யாரும் கையைப் பிடிக்கவில்லை. பாதையோரக் கல் ஒவ்வொன்றுக்கும் குனிந்தார், மூக்கை உறிஞ்சினார், நிமிர்ந்து நடந்தார். ஒரு திருப்பத்தில் தவறி இடதுபக்கம் இறங்கினார். நின்றார். திரும்பவும் மோந்து, சரியான வழிக்கு வந்தார். கொட்டகைக் காலைத் தொட்டதும் நின்று கேட்டார்.

"மச்சான், உள்ளதான கீற?"

நான் பதில் சொல்வதற்குள் மல்லிகா மூச்சிரைக்க ஓடி வந்து அவர் சட்டையைப் பிடித்தார்.

"குடிச்சியா? சொல்லு, அந்தத் தண்ணிய குடிச்சியா?"

"இத எவளாச்சும் மாட்டுக்குக்கூட ஊத்துவாளா? குடிப்பாங்களா இத?" சடையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கல்லு மேல ஊத்தனேன். கொட்டாங்கச்சியில எடுத்துக்கினு போயி, கல்லுக்குக் கல்லு ஊத்தனேன். ஓடைக்கு ஒரு வழி. எத்தினி நாளு நீ கையப் புடிச்சிக்கினே திரிவ? இங்க வர ஒரு வழி."

"இங்க வரத்தான் இன்ஜின் சத்தம் இருக்குதே" என்றேன் நான்.

"சத்தம் இருந்தா வந்துடறேன். நீ ஆஃப் பண்ணிட்டு கம்முனு குந்திக்கினா, எங்க கீறன்னு எப்டிய்யா தெரியும்?"

மல்லிகா சட்டையை விட்டார். கட்டை அடுக்கின்மேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு கழற்றி வைத்த குழாயைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"மாட்டுண்ணா. தண்ணி கட்ட நேரமாவுது."

6. கற்றுக்கொண்டது

அந்தப் போகம் கிழங்கு பிடுங்கும்வரை அங்கே இருந்தேன். பிறகு பம்பு மோட்டார் ஓட்ட அங்கே கரண்ட் வந்தது, மெஷினோடு நான் இறங்கிவிட்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். புகைத்தண்ணியைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஒருபோதும் பிடிக்காதீர்கள். பெயிண்ட் போதாது, பூட்டும் போடுங்கள். பார்வை இல்லாதவருக்குச் சிவப்பும் ஒன்றுதான், வெள்ளையும் ஒன்றுதான். யாராவது கேட்டால் நீங்களே அளந்து, கூடவே நின்று ஊற்றிக் கொடுங்கள். கேனில் குறைந்தால் உடனே சொல்லுங்கள். போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் எடுத்தவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. இப்போதெல்லாம் எந்த ஊரில் வேலை செய்தாலும் இன்ஜினை நிறுத்திய பிறகு கொட்டகையில் உட்காருவதில்லை. கையைக் கழுவிவிட்டு, பக்கத்தில் எந்த வீடு இருக்கிறதோ அங்கே நடந்துபோய்க் குடிக்கத் தண்ணீர் கேட்கிறேன். சில வீடுகளில் வாசலிலேயே சொம்பை நீட்டி அனுப்பிவிடுவார்கள். சில வீடுகளில் உட்காரச் சொல்வார்கள்.