மறைந்த தெய்வசிகாமணி

"அண்ணே, மேல இருக்கீங்களா? நீங்க செத்துட்டீங்களாம்!"

வீட்டுக்காரம்மா கமலவேணி கீழேயிருந்து இப்படிக் கத்தியபோது, மாடிப் போர்ஷனில் தெய்வசிகாமணி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியும் கையுமாக எட்டிப் பார்த்தார். துவைக்கிற கல்மேல் செல்போனைச் சாய்த்து வைத்துவிட்டு, கமலவேணி சங்கரா மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா சொன்னது?"

"ஊர் வாய் சொல்லுது. வந்து கேளுங்க."

'ஊர் வாய்' என்பது ஒரு பாட்காஸ்ட்டின் பெயர். செம்மல், வெற்றிச்செல்வன் என்று இரண்டு பேர் கருவடிக்குப்பத்திலேயே ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து பேசுவார்கள். எந்தப் படம் ஓடுகிறது, எந்த நடிகர் பீச் ரோட்டுக்கு ஷூட்டிங் வந்தார், எந்தச் செய்தியாளர் எந்தச் சேனலுக்குத் தாவினார், எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை எல்லாம் அதில் வரும். அன்றைக்கு நம்ம ஊர் கேபிள் டிவிக்காரர்களைப் பற்றிப் பேச்சு.

"மறைந்த தெய்வசிகாமணி சார்," என்றது செம்மலின் குரல். "போன வாரம் காலமாயிட்டார். அந்தக் காலத்துல சாயங்காலம் ஏழு மணின்னா இந்தக் குரல்தான்." உடனே ஒரு பழைய ஒலிப்பதிவு ஓடியது. வணக்கம், செய்திகள், வாசிப்பது தெய்வசிகாமணி. தொண்டையில் தேன் தடவிய மாதிரி இருந்த குரல். கமலவேணி மீன் கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எவ்ளோ நல்லாப் பேசறாங்க உங்களப் பத்தி! உயிரோட இருக்கறப்ப ஒருத்தன் பேசல பாருங்க."

தெய்வசிகாமணிக்குச் சிரிப்புத்தான் வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு ஜெராக்ஸ் கடை மாடிக்கு ஏறினார். கதவைத் திறந்த செம்மல் ஒரு அடி பின்னால் போனான்.

"சார்... நீங்க..."

"மறைந்தவன்தாம்பா. உள்ள வரலாமா?"

விஷயம் இதுதான். அந்தக் கேபிள் டிவியில் கேமரா பிடித்த பலராமன் சமீபத்தில் இறந்துபோனான். கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து போஸ்டர் அடித்து ஒட்டினார்கள். நம்ம பக்கத்து அஞ்சலிப் போஸ்டர் தெரியுமே, செத்தவன் படம் தபால்தலை மாதிரி இருக்கும், துக்கப்படுகிறவன் படம் தாம்பாளம் மாதிரி இருக்கும். பலராமன் இடது பக்கம். வலது பக்கம் 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டு, அதன்கீழ் கைகூப்பியபடி தெய்வசிகாமணி. பலராமன் முகத்தின்மேல் யாரோ ஒருவரின் பிறந்தநாள் போஸ்டரை ஒட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்தது இரங்கலும் தெய்வசிகாமணியும்தான். செம்மல் வண்டியில் போகிறபோது பார்த்திருக்கிறான்.

"மன்னிச்சிருங்க சார். வெள்ளிக்கிழமை எபிசோட்ல திருத்திடறோம். நீங்களே வந்து 'வணக்கம்'னு ஆரம்பிச்சீங்கன்னா அள்ளும் சார்!"

"பாப்போம், பாப்போம்," என்று டீ குடித்துவிட்டு வந்தார். அதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகிற கதை.

மறுநாள் காலையில் வாசலில் ஆட்டோ நின்றது. வெள்ளைப் புடவையும் கையில் சம்பங்கி மாலையுமாக ழனெத் அம்மா மெல்ல மெல்லப் படியேறி வந்தாள். தெய்வசிகாமணி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ழனெத் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மோந்தியே! ஆண்டவரே! சம்பந்தி! நீங்க சாகலையா?"

"இன்னும் இல்லீங்க."

"அப்ப இந்த மாலைய நான் என்ன பண்றது?" என்றவள் நாற்காலியில் உட்கார்ந்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

ழனெத் யாரென்றால், ஒகுஸ்த்துக்கு அக்கா. ஒகுஸ்த் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அவர் மகன் ஃப்ளோரான். தெய்வசிகாமணிக்கு ஒரே மகள் சுமலதா. கல்லூரியில் படிக்கும்போது சுமலதா ஃப்ளோரானை விரும்பினாள், கட்டிக்கொண்டாள், பிரான்சுக்குப் போனாள். பையன் நல்ல பையன். வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், என்பதைக்கூட தெய்வசிகாமணி பொறுத்திருப்பார். ஆனால் நம்ம ஊரில் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீட்டுக்குப் பெண் போனால் ஊர் என்ன சொல்லும்? பெண்ணைக் கொடுத்தான் என்று சொல்லாது. நேஷனாலிட்டிக்கு விற்றான் என்றுதான் சொல்லும். தினம் சாயங்காலம் ஊர்ச் செய்தி வாசிக்கிற மனுஷனை ஒருநாள் டீக்கடையில் ஒருத்தன் கேட்டான்:

"என்ன சார், எல்லா நியூஸும் வாசிக்கிறீங்க, உங்க வீட்டு நியூஸ எப்ப வாசிப்பீங்க? மாப்ள யூரோவுல அனுப்பறாராமே?"

தெய்வசிகாமணி நேரே வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் நின்று, துணியோடு தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டார். மகளுக்குத் தலைமுழுகிவிட்டார். மனைவி அஞ்சலாட்சி, பாகூர்க்காரி, வாய் திறக்கவில்லை. ழனெத் வீட்டுக்குப் போய் மகளோடு போனில் பேசிவிட்டு, மார்க்கெட்டுக்குப் போய் வந்ததாகச் சொல்லுவாள்.

அதுகூடப் பெரிதில்லை. அஞ்சலாட்சி செத்தபோது மகளுக்குச் சொல்லக்கூடாது என்றார் பாருங்கள், அதுதான் பெரிது. அவள் தம்பி ஜானகிராமன் பாடைக்குப் பக்கத்தில் நின்று கையெடுத்துக் கும்பிட்டான். "மாமா, பெத்தவ மூஞ்சிய அவ கடைசியா பாக்க வேணாமா?" இவர் அசையவில்லை. கருமாதியும் முடிந்த பிறகுதான் சுமலதாவுக்கு ழனெத் மூலம் தெரிந்தது. ஜானகிராமன் அன்றோடு அக்கா வீட்டு வாசப்படி மிதிப்பதை விட்டான். பாகூர் உறவு மொத்தமும் அறுந்தது. இவர் இருக்கிறாரா போனாரா என்று விசாரிக்க ஒரு நாதி இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

"சுமா அங்க அந்தப் பேச்சக் கேட்டுட்டா," என்றாள் ழனெத். "நேத்து ராத்திரி போன்ல ஒரே அழுகை. 'அத்தை, போய்ப் பாருங்க, காரியம் யாரு பண்றாங்க, கொள்ளி யாரு வச்சா'ன்னு. பதினாறாம் நாளுக்காச்சும் வரணும்னு ஃப்ளோரான் டிக்கெட் போட்டுட்டான். பொண்ணையும் கூட்டிட்டு வர்றா. அம்மாவுக்குத்தான் வர முடியல, அப்பாவுக்காவது வரேன்னா."

தெய்வசிகாமணி தட்டை ஓரமாக நகர்த்தினார்.

"வர்றாளா?"

"சனிக்கிழமை பிளேன் ஏர்றா. இருங்க, இப்பவே போன் போட்டு நல்ல சேதி சொல்லிடறேன்."

"வேணாம்."

"என்னாது?"

"சொல்லாதீங்க சம்பந்தியம்மா. வரட்டும்."

அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து 'சம்பந்தி' என்ற சொல் வந்தது அன்றைக்குத்தான். ழனெத்துக்கு அது காதில் விழுந்தும் கோபம் அடங்கவில்லை.

"நீங்கல்லாம் மனுஷனா? புள்ள அங்க சோறு தண்ணி இல்லாம கெடக்கு!"

"உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சா அவ வருவாளா? நீங்களே சொல்லுங்க."

ழனெத் நாற்காலியை விட்டு எழுந்தாள். "நான் பொய் சொல்ல மாட்டேன். நாளைக்குக் காலைல வரைக்கும் போன அணைச்சு வச்சிருக்கேன். அதுக்குள்ள உங்க மனசு எங்க நிக்குதுன்னு பாருங்க," என்று சொல்லி, மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் அஞ்சலாட்சி படத்துக்குப் போட்டுவிட்டுப் போனாள்.

தெய்வசிகாமணி செம்மலைக் கூப்பிட்டு, திருத்தம் எதுவும் போட வேண்டாம், இப்போதைக்குச் செத்தவனாகவே இருக்கட்டும் என்றார். பிறகு ஒட்டடை அடித்தார். பேத்திக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாது, பெயரே தெரியாது, என்றாலும் கடைக்குப் போய் பிஸ்கெட்டில் நாலு வகை வாங்கினார். கமலவேணியிடம் கீழ் அறையை இரண்டு வாரத்துக்குக் கேட்டார்.

"அதுக்கென்னண்ணே, தாராளமா. ஆனா அந்தப் பொண்ணு அங்க எழுதியிருக்கறதப் படிச்சீங்களா?"

பாட்காஸ்ட்டின் கீழே ஆட்கள் எழுதுகிற இடத்தில் சுமலதா எழுதியிருந்தாள். கமலவேணி எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'இது எங்க அப்பா குரல். இத்தனை வருஷம் கழிச்சுக் கேக்கறேன். என் பொண்ணுக்குப் போட்டுக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் வராது. அம்மா, இவர் யார்கிட்ட பேசறார்னு கேட்டா. ஊருக்கே பேசுவார்னு சொன்னேன். எனக்குச் சொல்லாம அம்மாவ அனுப்பிட்டாரேன்னு அவர்மேல கோவமா இருந்தேன். இப்ப அவரும் சொல்லாமயே போயிட்டார்.'

கமலவேணி படிப்பதை நிறுத்தியபோது தெய்வசிகாமணி படியில் உட்கார்ந்துவிட்டார்.

விடிந்ததும் ழனெத் வீட்டுக்குப் போனார். "போடுங்க," என்றார். ழனெத் போனை இயக்கி, எண்ணைப் போட்டு, அவர் கையில் கொடுத்தாள்.

"அத்தை? சொல்லுங்க அத்தை, ஏன் போன் எடுக்கவேயில்ல?"

ஊருக்கெல்லாம் செய்தி சொன்ன வாய்க்கு ஒரு வார்த்தை வரவில்லை. இருமினார்.

"யாரு?"

"சுமா. அப்பா பேசறேம்மா. நான் போவலம்மா, இருக்கேன். அது தப்பாச் சொல்லிட்டாங்க."

அந்தப் பக்கம் ஒரு அழுகை, வயிற்றிலிருந்து வந்தது, பக்கத்தில் நின்ற ழனெத்துக்கே கேட்டது. அது அடங்க நேரமானது. அடங்கிய பிறகு சுமலதா கேட்டாள்:

"உங்களுக்கு எப்பத் தெரியும், நான் அழுதுட்டு இருக்கறது?"

"நேத்துக் காலைல."

"நேத்தே ஏம்பா சொல்லல?"

"சொன்னா நீ வரமாட்டியோன்னு..."

அவளுக்குப் பின்னால் ஒரு சின்னக் குரல் பிரெஞ்சில் என்னவோ கேட்டது. இவள் அதற்குப் பிரெஞ்சிலேயே ஏதோ சொன்னாள்.

"டிக்கெட்தான் இருக்கேம்மா. சும்மா வந்துட்டுப் போ. புள்ளயக் கூட்டிட்டு வா."

"அப்பா செத்துட்டார்னு சொல்லித்தாம்பா லீவு குடுத்தாங்க," என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "நீங்க நல்லா இருக்கீங்க. எனக்கு அது போதும். ஆனா வர்றதுன்னா... அம்மா இல்லாத வீட்டுக்கு வந்து நான் எங்கப்பா உக்காருவேன்? சாவுன்னா வந்து நின்னுடலாம். ஒண்ணும் பேச வேணாம். உயிரோட இருக்கறவர்கிட்ட வந்தா பேசணும். எனக்கு இன்னும் முடியலப்பா."

தெய்வசிகாமணி தலையாட்டினார். தலையாட்டினால் போனில் தெரியாது என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"சரிம்மா," என்றார் கடைசியில். "அந்த லீவ நான் நெசமா போற அன்னைக்குன்னு எடுத்து வச்சிக்கோ."

"சரிப்பா," என்றாள் அவள்.

ழனெத் போனை வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். அங்கே அவள் சுமலதாவோடு பேசுகிற சத்தம் கேட்டது, என்ன பேசுகிறாள் என்று கேட்கவில்லை. மகளோடு போனில் பேச வந்தால் அஞ்சலாட்சி வழக்கமாக உட்காருகிற நாற்காலி எது என்று தெய்வசிகாமணிக்குத் தெரியாது. அங்கே இரண்டு நாற்காலிகள் கிடந்தன. எதிலும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.