அரைஞாண் கயிற்றில் ஓட்டை வில்லை

போன ஞாயிறு ஒன்றரை வயதுக் குழந்தையிடம் தோற்றுப்போனேன்.

ஜப்பான்காரன் இங்கே ஆண்ட காலத்தில் சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்ததே, நினைவிருக்கிறதா? மீதிக் காசுக்குப் பதிலாகக் கடைக்காரர்கள் தங்கள் முத்திரை குத்திய பித்தளை வில்லைகளைக் கொடுத்தார்கள். அவற்றைத்தான் நான் சேர்க்கிறேன். வீட்டில் இதற்குப் பெயர் பைத்தியம்.

பாச்சாங் ஊரில் மளிகைக் கடை ஒன்று மூன்று விதமாக வெளியிட்டது. வட்டமும் சதுரமும் கிடைத்துவிட்டன. நடுவில் ஓட்டை போட்டது மட்டும் ஐந்து வருஷமாக அகப்படவில்லை. கடைக்காரரையே போய்க் கேட்டேன். பழைய வில்லைக்குக் காசு கேட்க வந்தவன் என்று பயந்து, கடையே தன்னுடையது இல்லை என்று சாதித்துவிட்டார் மனிதர்.

போன ஞாயிறு ஜாசின் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் நண்பரைப் பார்க்கப் போனேன். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வந்த எமர்ஜென்சி அல்லவா... முள்வேலி வாசலில் காவல்காரர் என் பையைக் கொட்டினார். காட்டில் ஒளிந்திருக்கும் அவர்களுக்கு அரிசி கடத்துகிறேனாம்! உருண்டு விழுந்தவை வில்லைகள். என்ன இது என்று கேட்டார். செல்லாத காசு என்றேன். பரிதாபப்பட்டு உள்ளே விட்டார்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் அந்தக் குழந்தை தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தது. அதன் அரைஞாண் கயிற்றில் — என் மூன்றாவது வில்லை!

தாய் அஞ்சலை, ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவள். கண் படாமலிருக்கக் கட்டியதாம். ஒரு வெள்ளி நோட்டு தருகிறேன் என்றேன். தலையை ஆட்டினாள். இரண்டு? ம்ஹூம். கடைசியில், அசல் வெள்ளிக் காசில் ஓட்டை போட்டுத் தருகிறேன், திருஷ்டிக்கு வெள்ளிதான் விசேஷம் என்று சாஸ்திரமெல்லாம் அவிழ்த்துவிட்டேன்.

அஞ்சலை சிரித்தாள்.

"மொதல்ல வெள்ளிக்காசுதான் கட்டியிருந்தேன் ஐயா. இவ அப்பா அத அவுத்துக்கிட்டுக் கள்ளுக்கடைக்குப் போயிட்டாரு. இதக் குடுத்தா எவன் கள்ளு ஊத்துவான்? அதான் மூணு மாசமா இடுப்புலயே கெடக்கு."

நிஜமாகவே வெட்கமாகப் போய்விட்டது. அவர் அவிழ்த்தது கள்ளுக்கு. நான் அவிழ்க்கப் பார்த்தது என் அலமாரிக்கு. குழந்தைக்கு இரண்டு பேரும் ஒன்றுதானே?

திரும்பும்போது வாசலில் மறுபடியும் சோதனை. வில்லைகள் மறுபடியும் உருண்டன.

"உள்ளேருந்து ஏதும் எடுத்துட்டுப் போறீங்களா சார்?" என்றார் காவல்காரர்.

எடுக்கத்தான் பார்த்தேன்... குழந்தையின் அம்மா விடவில்லை என்றேன்.