வீபெகே முறுக்கிய போல்ட்

போல்ட்டின் மரையைத் துணியால் துடைத்து, விரல்நுனியில் கிரீஸ் எடுத்துத் தடவுகிறார் வீபெகே. இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சின் பிடியைத் திருகி நாற்பதில் வைக்கிறார். பெடலைத் தாங்கும் கிராங்க்கை இடது கை பிடித்துக்கொள்ள, வலது கை மெதுவாக இழுக்கிறது. நாற்பதை எட்டி ரெஞ்ச் ‘டிக்’ என்றதும் விட்டுவிடுகிறார். டென்மார்க்கின் ஓடென்சேயில், இந்த ரிப்பேர் கடை வாசலில் மழைநாளில் சைக்கிளோடு வரிசையில் நிற்பவர்களுக்கு இந்த நிதானம் எரிச்சலூட்டும். எனக்கும் எரிச்சல் வந்திருக்கிறது.

“என்ன அம்மணி, கல்யாண மோதிரமா போடுற? சைக்கிள்தான!” என்பார் கூட வேலை பார்க்கும் பிரெபென்.

“உன் கை காலையில ஒண்ணு சொல்லும், சாயங்காலம் வேற சொல்லும். இது மாத்திப் பேசாது.”

நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கத் திரும்பக் கொண்டுவரச் சொல்வார் வீபெகே. யார் வருகிறார்கள்? பக்கத்து ரொட்டிக் கடை என்னுடையது. ஏலக்காய் ரொட்டி வாங்க வருகிறவர்களை என் வாசலிலேயே மடக்கி, குனிந்து கிராங்க்கை ஆட்டிப் பார்ப்பார். வியாபாரம் கெடுகிறது என்று ஒருமுறை கத்தினேன். “கெடட்டும்,” என்றார்.

முன்பு அவர் இப்படியில்லை. எல்லாம் கைப்பதம்தான். கணவர் ஓலுஃபின் சைக்கிளையும் அப்படித்தான் முறுக்கினார். பாலத்து இறக்கத்தில் இடது கிராங்க் கழன்று விழுந்ததில் ஓலுஃபின் முழங்கால் நொறுங்கிப் போனது. மனுஷன் இன்றுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் வீபெகேயைத் தின்றது. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பார்.

போன வாரம் ஓலுஃப் அதே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வந்து வரிசையில் நின்றார். இரண்டு வருடத்துக்குப் பிறகு ஓட்டப் போகிறாராம். வீபெகே ரெஞ்சைப் பிரெபென் பக்கம் நீட்டினார்.

“பிரெபென் பாக்கட்டும்.”

“அவன் வேணாம். நீ முறுக்குனா ஓட்டுறேன். இல்லாட்டி வீட்டுக்கே தள்ளிட்டுப் போறேன்.”

துடைத்தார், தடவினார், இழுத்தார். இரண்டு பக்கமும் முடித்து, கணவரின் முகத்தைப் பார்க்காமலே சைக்கிளை நீட்டினார்.

ஓலுஃப் தள்ளாடி ஏறிப் பாலத்தின் பக்கம் மிதித்தார். வீபெகே கையில் ரெஞ்சோடு அவர் பின்னாலேயே மழையில் ஓட ஆரம்பித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. கடை வாசலிலிருந்தே இறக்கம் தெரியும். அதைத் தாண்டியதும், நிற்கப்போகிற சைக்கிள்காரர்கள் பின்னால் வருபவருக்குக் காட்டுவதுபோல, ஓலுஃப் ஒரு கையை உயர்த்தினார். பின்னால் வேறு சைக்கிள் எதுவும் வரவில்லை; வீபெகேதான் ஓடிக்கொண்டிருந்தார்.