திரிங்காப் சரிவும் டீசல் குச்சியும்

மலேசியாவின் கேமரன் மலைக்கு எல்லோரும் தேயிலை பார்க்கப் போகிறார்கள். நான் ஜீப் பார்க்கப் போனேன். சிரிக்காதீர்கள். காரைக்குடிப் பக்கம் ஒரு பஸ் டிப்போவில் இருபத்தாறு வருடம் டீசல் இன்ஜினுக்கு அடியில் படுத்துக் கிடந்தவனுக்கு வேறு எதைப் பார்க்கத் தோன்றும்? என் வயதை நெருங்கிய ஜீப்புகள் அங்கே இன்னமும் முட்டைக்கோஸ் சுமந்து மலையேறுகின்றன என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக டிக்கெட் போட்டேன்.

செவ்வாய், மதியம் இரண்டு மணி. ஈப்போவிலிருந்து மலைமேல் இருக்கும் பிரிஞ்சாங்குக்கு இரண்டு மணி நேரம் பஸ் பயணம். கட்டணம் இருபத்திரண்டு வெள்ளி. ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். இறங்கி நான்கு கடை தாண்டவில்லை, நின்றது ஒரு ஜீப்! பச்சை பெயின்ட் பாதி உதிர்ந்து, கதவைக் கயிற்றால் கட்டி, பின்பக்கம் முழுக்கக் காலி அட்டைப் பெட்டிகளோடு. பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து அடியில் பார்க்க ஆரம்பித்தேன்.

“அண்ணே, வாங்கப் போறீங்களா, இல்ல கண்ணு போடப் போறீங்களா?” என்று ஒரு குரல். ஜீப்பின் சொந்தக்காரர் பரமேஸ்வரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்து ஊரான திரிங்காப்பில் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே சின்னதாக ஒரு சாமந்தித் தோட்டம் வைத்திருக்கிறார். நான் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. “அப்போ நாளைக்குக் காலையில வாங்க லா. என் பேர்ல மொத லோடு போவுது. கூட ஏறிக்கிட்டு தேயிலையும் பாக்கலாம், ஜீப்பும் பாக்கலாம்.” ‘லா’ என்பது அங்கே பேச்சோடு ஒட்டிவரும் ஓர் அசை.

இதுவரை அவருடைய பூ ஒரு வியாபாரியின் பெயரில்தான் போய்க்கொண்டிருந்ததாம். இப்போது ஈப்போவில் ஒரு பூக்கடை நேரடியாக வாங்கிப் பார்க்கச் சம்மதித்திருக்கிறது. முதல் லோடு சொன்ன நாளில் வரவில்லை என்றால் பழைய ஆளிடமே வாங்கிக்கொள்வோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஈப்போவுக்குப் பூ ஏற்றிப் போகும் லாரி, அவர்கள் பேச்சில் லோரி, காலை பதினொரு மணிக்குத் திரிங்காப் முச்சந்தியை விட்டுக் கிளம்பும்.

புதன், காலை ஒன்பதே கால். பதினெட்டுப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ‘பரமேஸ்வரி, திரிங்காப்’ என்று தடித்த மையில் அவர் கையாலேயே எழுதியது. ஜீப் சரிவில் மூக்கைக் கீழே வைத்து நின்றது. அந்த மலையில் அதுதான் வழக்கம். காலைக் குளிரில் பழைய பேட்டரி முனகும். பிரேக்கை விட்டு உருட்டிக் கியரைப் போட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். டீசல் மீட்டரின் முள் செத்து வருடக்கணக்காகிறது. சீட்டைத் தூக்கி, அதற்கடியில் இருந்த டேங்கின் வாயில் அளவுக்கோடு கீறிய ஒரு மூங்கில் குச்சியை விட்டு எடுத்துப் பார்த்தார். “பாதி இருக்கு, போதும்.” உருட்டினார். டபடபவென்று இன்ஜின் பிடித்த சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

இரண்டு பக்கமும் தேயிலை. மூடுபனி விலக விலகப் பச்சை வரிவரியாக எழுந்து வந்தது. நான் அதைப் பார்த்தேன் என்றா நினைக்கிறீர்கள்? இன்ஜினைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அரை கிலோமீட்டர் போயிருப்போம். ஒரு திணறல், ஒரு குலுக்கல், நின்றுவிட்டது.

“நான் பார்க்கிறேம்மா!” என்று குதித்து இறங்கினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. டீசலில் பழம் தின்று கொட்டை போட்டவன் அல்லவா! பனி ஊரென்றால் டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று, ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்திக் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பார்த்தேன். சுத்தமான டீசல். அடைப்போ என்று, அவர் கைவசம் வைத்திருந்த புது ஃபில்டரை மாட்டினேன். பிறகு கைப்பம்பை அடித்து உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றப் பார்த்தேன். நுரை, நுரை, நுரைதான். அப்படியென்றால் எங்கோ இணைப்பு வழியாகக் காற்று இழுக்கிறது. ஒவ்வொரு இணைப்பாக முறுக்கினேன். நுரை நிற்கவில்லை.

பத்து மணி பத்து நிமிடம். என் குஷியெல்லாம் இறங்கிவிட்டது. பரமேஸ்வரி பூ வாடாமல் பெட்டிகளின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டிருந்தார். அதுதான் என்னை இன்னும் சுட்டது. “கீழ கொழுந்து நிறுக்கிற கொட்டாய் இருக்குண்ணே. அங்க தரை சமமா இருக்கும். உருட்டிக்கிட்டுப் போலாம்” என்றார்.

பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். மறுபடி கைப்பம்பை அடித்தேன். நாலே அடி, நுரை இல்லாமல் டீசல் தெளிவாக வந்தது! பேட்டரி முனகியபடியே சுற்ற, இன்ஜின் பிடித்துக்கொண்டது. “இணைப்புதாம்மா கோளாறு, சரி பண்ணிட்டேன்” என்று மார்தட்டினேன். ஆனாலும் டிப்போப் பழக்கம் விடவில்லை. ஃபில்டருக்குப் போகும் குழாயில் ஒரு முழ நீளத்துக்கு, மருந்தடிக்கும் பம்பின் கண்ணாடிபோல் உள்ளே தெரியும் ஹோஸை ஒட்டுப் போட்டிருந்தார்கள். பானட்டைத் திறந்தபடியே விட்டு, அதைப் பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தேன். முன்சக்கரம் கொட்டகை விளிம்பைத் தாண்டி வண்டி மூக்கைக் கவிழ்த்ததுதான் தாமதம், ஹோஸில் கொப்பளம் கொப்பளமாகக் காற்று!

“நிறுத்தும்மா! பின்னால வா!” என்று கத்தினேன். பின்னால் வந்தார். திக்கித் திணறிய இன்ஜின் சீரானது, கொப்பளமும் நின்றது. இன்னொரு முறை முன்னால் போகச் சொன்னேன். கொப்பளம். பின்னால் வரச் சொன்னேன். இல்லை.

பரமேஸ்வரி சட்டென்று சீட்டைத் தூக்கி, அந்தச் சமதரையில் வைத்துக் குச்சியை விட்டு எடுத்தார். இரண்டு விரற்கடை ஈரம்.

“அண்ணே! நான் எப்பவும் சரிவுல வச்சுத்தானே பாக்குறேன்!”

விஷயம் அவ்வளவுதான். டேங்கின் வாய் முன்பக்கம், டீசலை உறிஞ்சும் குழாய் பின்பக்கம். மூக்கு கீழே இருந்தால் டீசல் முழுக்க முன்னால் ஓடிவந்து குச்சியை நனைக்கும். குழாய் காற்றைக் குடிக்கும். “முக்கா டேங்குக்குக் கொறையவே விடமாட்டேன். இந்த வாரம் பூ வேலையில அசந்துட்டேன்” என்று தலையில் அடித்துக்கொண்டார். இல்லாத இணைப்புக் கோளாற்றைச் சரிசெய்த நான் அசடு வழிந்தேன்.

பத்து நாற்பது. கொட்டகையில் இருந்த கங்காணியிடம் டீசல் கேட்டோம். “எங்ககிட்ட கவாத்து மெஷினுக்குப் பெட்ரோல்தான் இருக்கு” என்று கையை விரித்தார். டீசலுக்குப் பிரிஞ்சாங் போய் வர நேரமில்லை. இன்ஜின் பிடிப்பு இல்லாமல் மீதித் தூரமும் உருட்டினால் பழைய பிரேக் தாங்காது. பரமேஸ்வரி ஒரு நிமிடம் சரிவைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கை ஒடித்து ஜீப்பைத் திருப்பினார். “மூக்கு மேல இருந்தா டீசல் பின்னால வரும்தானே? கோஸ்தான்லயே போயிருவோம்.” கோஸ்தான் என்றால் அங்கே ரிவர்ஸ்.

ஒன்றரை கிலோமீட்டர், ஐந்து வளைவு, ஒரு பக்கம் பள்ளம்! நான் பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு “லெஃப்ட்டு, லெஃப்ட்டு, போதும்!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நிமிர்ந்து கைதட்டினார்கள். மூன்றாவது வளைவில் ஒரு சக்கரம் மண்ணைச் சரித்தது; என் குலதெய்வத்தைக் கூப்பிட்டுவிட்டேன். இன்ஜின் மட்டும் ஒரு தடவைகூடத் திணறவில்லை. என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாகப் பயந்ததில்லை.

பத்து ஐம்பத்தாறு. முச்சந்தியில் லோரி உறுமிக்கொண்டு நின்றது. டிரைவர் மணியம் எங்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். “என்னாக்கா, மூஞ்சிய காட்டாமலே வர்றீங்க?”

“மூஞ்சி கெடக்கட்டும் லா, பெட்டிய எண்ணு!”

பதினெட்டும் ஏறின. மணியம் தன் கேனிலிருந்து பத்து லிட்டர் டீசலும் ஊற்றிவிட்டுப் போனார். லோரி வளைவில் மறையும்வரை பரமேஸ்வரி அசையவில்லை. பிறகு ஜீப்பின் மூக்கில் ஒரு தட்டு தட்டிவிட்டு, பாக்கெட் கத்தியால் குச்சியில் புதிதாக ஒரு கோடு கீறினார். பழைய கோடு சரிவுக்கு, புதுக் கோடு சமதரைக்கு.

வெள்ளி, மாலை நான்கு. திரும்பும் வழியில் ஈப்போவில் அந்தப் பூக்கடையைத் தேடிப் போனேன். எங்கள் டிப்போவின் தரை பலகைபோல் சமம். அங்கே குச்சி ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அதனால்தான் இருபத்தாறு வருட அனுபவத்தில், தரையைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இதை யோசித்தபடி கடை வாசலில் நின்றபோது, கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டியைப் பார்த்தேன். தெரிந்த கையெழுத்து, தெரிந்த பெயர். எட்டிப் பார்த்தேன், அடியில் நாலைந்து மஞ்சள் இதழ்கள் மட்டும் கிடந்தன.

“அதெல்லாம் நேத்தே வித்துருச்சு. திங்கக்கெழம அடுத்தது வரும், வேணும்னா சொல்லி வைங்க” என்றார் கடைக்காரர்.

பெட்டியைப் படமெடுத்துப் பரமேஸ்வரிக்கு அனுப்பினேன். பஸ் நிலையம் போய்ச் சேருவதற்குள் பதில் வந்தது: “காலிப் பெட்டிய பாத்து அழுத மொத ஆளு நானாத்தான் இருப்பேன்ணே. டேங்கு காலியா இல்ல, ஃபுல்லா நெறச்சிட்டேன்.”