கவிழ்த்து வைத்த தட்டு

எனக்கு அல்சர் கிடையாது. இதை இப்போதாவது எழுதி வைத்துவிட வேண்டும். மன்னார்புரத்தில் நாங்கள் குடியிருந்த தெரு முழுக்க, எனக்கு அல்சர் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தது. அந்தப் பொய்யைக் கிளப்பிவிட்டதே நான்தான்.

நாங்கள் மார்மன் சபைக்காரர்கள். காபியும் டீயும் தொடக்கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. சாராயம், சிகரெட் கூடாது என்றால் ஊரார் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். காபி கூடாது என்றால் அவ்வளவுதான். திருச்சியில் ஒரு வீட்டுக்குப் போய், டபரா டம்ளரோடு எதிரில் வந்து நிற்கிறவளிடம் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். அவள் கை சுத்தத்தையே சந்தேகப்பட்ட மாதிரி முகம் மாறிவிடும். இரண்டு மூன்று வீடுகளில் அந்த முகத்தைப் பார்த்த பிறகு, பக்கத்து வீட்டு அக்காவிடம் எனக்கு வயிற்றில் புண், டாக்டர் காபி கூடாதென்று சொல்லிவிட்டார் என்று சொல்லிவைத்தேன். அந்த அக்கா நல்ல மனுஷி. அன்றிலிருந்து மணத்தக்காளிக் கீரையாக அனுப்பித் தள்ளினார். கீரை வந்தது, பேச்சு வரவில்லை. பெண்கள் உட்கார்ந்து பேசுவதெல்லாம் காபி நேரத்தில்தான். கையில் டம்ளர் இல்லாதவள் அங்கே எதற்கு நிற்க வேண்டும்? போகப் போக என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். எனக்கும் போவது விட்டுப்போயிற்று.

நானும் என் வீட்டுக்காரரும் பிறப்பால் கத்தோலிக்கர்கள். எங்கள் முதல் குழந்தை பிறந்து மூன்றாம் நாள் இறந்துபோனது, ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்பே. துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர் ஒருவர், தண்ணீர் ஊற்றாத பிள்ளை மோட்சம் போகாதே என்று பெருமூச்சு விட்டார். அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெருமூச்சை நான் வருஷக்கணக்கில் சுமந்தேன். எழுபதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூரில் வேலை. அங்கே நாலைந்து குடும்பங்கள் மட்டும் கூடுகிற ஒரு வீட்டில், எட்டு வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தைக்குப் பாவமே கிடையாது, அதற்கு ஞானஸ்நானமே தேவையில்லை என்று படித்தார்கள். குடும்பம் என்பது சாவோடு முடிகிறதில்லை என்றும் படித்தார்கள். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அடுத்த மாதம் இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கி அந்தச் சபையில் சேர்ந்தோம். நான் நம்பிச் சேர்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சேர்ந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவருக்கு வேலை மாறி நாங்கள் திருச்சிக்கு வந்தபோது, இந்த ஊரில் எங்கள் சபையென்று எங்களைத் தவிர யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மணியடித்தால் தெருவே பூசைக்குக் கிளம்பும். தலைநிறையப் பூ வைத்த பெண்கள், கஞ்சி போட்ட சட்டைகள், சைக்கிள் பாரில் உட்கார்ந்த பிள்ளைகள். நாங்கள் எங்கள் வீட்டு ஹாலில் ஜமுக்காளம் விரித்து உட்காருவோம். அவர் ஸ்டூலுக்கு முன் முழங்கால் போட்டு ஜெபம் சொல்லி, ஒரு சின்ன எவர்சில்வர் தட்டில் ரொட்டியைப் பிட்டு வைத்துக் கொடுப்பார். பிறகு தண்ணீர். அந்த ரொட்டியை ஆசீர்வதிக்க, சபையில் அதற்கான பட்டம் பெற்ற ஆண் வேண்டும். பெண் எவ்வளவு ஜெபித்தாலும் அது ஆகாது.

எண்பதுகளில் எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் துபாய்க்கோ மஸ்கட்டுக்கோ போனார்கள். எங்கள் வீட்டில் அவர் மஸ்கட் போனார். போவதற்கு முன், எட்டு வயதான மகனைக் காவிரியில் முக்கி அவர் கையாலேயே ஞானஸ்நானம் கொடுத்தார். எங்கள் முறையில் உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் போக வேண்டும். ஒரு விரல் வெளியே தெரிந்தாலும் மறுபடி முக்க வேண்டும். பையனின் கால் கட்டைவிரல் மேலே வந்துவிட்டது, அதனால் இரண்டு தடவை. தனக்கு டபுள் என்று அவன் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அவர் போனதும் ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்கு என்ன செய்வது என்று கோயம்புத்தூரில் சபையை நடத்திய சகோதரருக்கு எழுதிக் கேட்டேன். பாடலாம், ஜெபிக்கலாம், வாசிக்கலாம், ரொட்டிக்கும் தண்ணீருக்கும் மட்டும் அவர் வரும்வரை பொறுத்திருங்கள் சகோதரி என்று பதில் வந்தது. அந்தத் தட்டைக் கழுவித் துடைத்து, அலமாரியின் மேல்தட்டில் கவிழ்த்து வைத்தேன். ஒருநாள் பையன் அதை எடுத்துக்கொண்டு போய் அக்கா வீட்டு முறுக்கை வாங்கி வந்துவிட்டான். முதுகில் ஒன்று வைத்தேன். முறுக்குக்கு ஏன் அடி என்று அவனுக்குக் கடைசிவரை புரியவில்லை.

மூன்று வருஷம் அப்படிப் போயிற்று. திங்கட்கிழமை சாயங்காலம் குடும்பமாக உட்கார வேண்டும் என்பது எங்கள் சபை வழக்கம். பாட்டு, ஜெபம், ஒரு கதை, கடைசியில் ஏதாவது தின்பண்டம். பையன் வெளியே பம்பரம் விடுகிற சத்தத்திலேயே காதை வைத்திருப்பான். நானே பாடி, நானே பேசி, நானே சுண்டலைப் பரிமாறுவேன். நான் சொல்வது சரியா தப்பா என்று கேட்க அந்த ஊரில் ஒரு ஆள் இல்லை. சில நாள் பாடிக்கொண்டிருக்கும்போதே எனக்கு என் மேலேயே கோபம் வரும்.

பையனுக்கு அடுத்துப் பிறந்த சின்னவள் மட்டும் என் கட்சி. அவளுக்கும் எட்டு முடியப் போகிறது. அவளுக்கு ஞானஸ்நானம் தருவதற்காகவே அப்பா லீவில் வருகிறார் என்று அவளாக முடிவு கட்டிக்கொண்டாள். அண்ணன் மாதிரி இரண்டு தடவை ஆகக் கூடாது, ஒரே முக்கு. அதற்காகத் தினமும் பயிற்சி. குளிக்கும்போது பக்கெட்டில் முகத்தை முக்கி மூச்சடக்குவாள். சாயங்காலம் மெத்தை முன் நின்று, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, என் கையில் அப்படியே பின்னால் சாய்வாள். கால் தரையை விட்டு எழும்பிற்றா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது என் வேலை. அந்த நாட்களில் எனக்கு இருந்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

ஆடி கடைசியில் வருவதாகக் கடிதம் வந்தது. ஆற்றில் தண்ணீர் இருக்கும். நான் லாங்கிளாத் வாங்கி அவளுக்கு வெள்ளை கவுனும், அவருக்கு வெள்ளைச் சட்டையும் பைஜாமாவும் தைத்தேன். சாட்சி நிற்க இரண்டு பேர் வேண்டும் என்று கோயம்புத்தூருக்கு எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து வாங்கினேன்.

அவர் வந்தார். டேப் ரெக்கார்டர் வந்தது, பிள்ளைகளுக்குச் சாக்லேட் வந்தது. அவரிடம் பேச்சு மட்டும் குறைந்திருந்தது. மெத்தைப் பயிற்சிக்குச் சின்னவள் கூப்பிட்டால் நாளைக்கு, நாளைக்கு என்று நழுவினார். பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வந்த நாலாம் நாள், தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா பூரிப்போடு என்னிடம் வந்தார்.

"உங்க வீட்டுக்காரருக்கு வயித்துப் புண்ணெல்லாம் கிடையாது போலிருக்கே. நேத்து எங்க வீட்டுக்காரரோட உக்காந்து காபி குடிச்சாரு. ரெண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சாரும்மா. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா?"

குடம் நிரம்பி வழிந்ததை நான் பார்க்கவில்லை.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு கேட்டேன். அவர் மறுக்கவில்லை. மஸ்கட்டில் முதல் மூன்று மாதம் ஒருவர்கூடத் தன்னோடு பேசவில்லை என்றார். ஒரே அறையில் எட்டுப் பேர், வேலைக்குப் போகுமுன் எல்லோரும் டீயோடு வட்டமாக உட்காருவார்கள். இவர் கட்டிலிலேயே இருப்பார்.

"ஒருநாள் ஒருத்தன் டீயை நீட்டி, குடிண்ணேன்னான். வாங்கிட்டேன். அன்னிக்குத்தான் மூணு மாசத்துல மொதல் தடவையா மனுசங்களோட பேசுனேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது. நானும்தானே இங்கே ஒருவரும் பேசாமல் கிடந்தேன்? அக்கா வீட்டுக் காபியின் மணம் தினமும் நாலு மணிக்கு என் ஜன்னல் வழியாக வரவில்லையா? கன்னாபின்னாவென்று திட்டினேன். திட்டி முடித்ததும் பயம் வந்தது. கட்டுப்பாட்டை விட்டவர் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது.

"யாருக்குத் தெரியும்? இந்த ஒரு தடவை பண்ணிடுங்க," என்றேன்.

ஆமாம், நான்தான் சொன்னேன். மூன்று வருஷம் தட்டைக் கவிழ்த்து வைத்துக் காத்திருந்தவள்.

"பொய் சொல்லிட்டு அந்தப் பிள்ளைய தண்ணியில இறக்க மாட்டேன்," என்றார் அவர்.

கோயம்புத்தூருக்குத் தந்தி அடித்தேன், சாட்சிக்கு இன்னும் ஒருவரையும் அழைத்து வரவும் என்று மட்டும். காரணம் எழுதக் கை வரவில்லை. சின்னவளிடம் அப்பாவுக்குத் தோள் பிசகிவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றேன். அல்சர் சொன்ன வாய்க்குத் தோள்பட்டை ஒரு கஷ்டமா? அவர் அதற்கும் சம்மதிக்கவில்லை. அன்று சாயங்காலம் மெத்தைமேல் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து உள்ளதைச் சொன்னார்.

"பரவால்லப்பா. இனிமே குடிக்காம இருங்க. அடுத்த லீவுல பண்ணிக்கலாம். நான் இருக்கேன்."

அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். சரி என்று சொல்லவில்லை. அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். அடுத்த நாளிலிருந்து அவள் மெத்தைப் பக்கம் போகவில்லை.

ஞாயிறு காலையில் கோயம்புத்தூர் சகோதரர் இரண்டு பேரோடு வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டதும் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். தானே செய்கிறேன் என்றார். சாட்சியாக வந்ததாகத்தான் அவர் நினைத்திருந்தார், வெள்ளை உடை கொண்டுவரவில்லை. நான் தைத்ததை எடுத்துக் கொடுத்தேன். அவர் நெட்டையான ஆள். பைஜாமா கணுக்காலுக்கு மேலே நின்றது.

திருவானைக்காவல் தாண்டி, ஆள் அதிகம் வராத ஒரு படித்துறைக்குப் போனோம். ஆறு செம்மண் நிறத்தில் படிகளை முட்டிக்கொண்டு ஓடியது. குளித்துக்கொண்டிருந்த நாலு பேர் கரையேறி வேடிக்கை பார்த்தார்கள். சின்னவள் முன்பின் பார்க்காத ஒரு மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினாள். அவள் அப்பா மேல்படியில் துண்டை வைத்துக்கொண்டு நின்றார். சகோதரர் கையை உயர்த்தி ஜெபம் சொன்னார். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஒரு விரல் வெளியே தெரியவில்லை.

"ஒரே தடவை," என்று அண்ணன்காரன் கத்தினான்.

மேலே வந்தவள் நடுங்கிக்கொண்டே நேராக அப்பாவிடம் போய் நின்றாள். அவர் தலையைத் துவட்டினார். துவட்டித் தீரவில்லை, காய்ந்த பிறகும் துவட்டிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்து, மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தத் தட்டை நிமிர்த்தினேன். சகோதரர் முழங்கால் போட்டு ரொட்டியை ஆசீர்வதித்தார். எந்த ஞாயிற்றுக்காக நான் காத்திருந்தேனோ அது இதுதான். தட்டு கை மாறிக் கை மாறி வந்தது. பையன் எடுத்தான். சின்னவள் எடுத்தாள். என் வீட்டுக்காரரிடம் வந்தது. அவர் எடுக்காமல், இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

மதியச் சாப்பாடு முடிந்து அவர்கள் ரயிலுக்குப் போனார்கள். நாலு மணிக்கு ஜன்னல் வழியாகக் காபி மணம் வந்தது. அவர் எழுந்து சட்டையை மாட்டினார். எங்கே என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். டீத்தூள் இருந்தால் கொஞ்சம் கொடுங்கள் அக்கா என்றேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"புண்ணு ஆறிடுச்சா?"

"எனக்குப் புண்ணே இல்லக்கா," என்றேன். அவர் வாயைத் திறந்துகொண்டு நிற்க, தூளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

டீ போட்டு வருஷக்கணக்காகிவிட்டது. எவ்வளவு தூள், எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்பதெல்லாம் மறந்துவிட்டிருந்தது. ஒரு டம்ளரில் அவருக்கு டீயும், இன்னொன்றில் எனக்கு வெந்நீரும் எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தேன். அவர் டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. குடித்தார்.

அவர் பேசினார். மஸ்கட்டைப் பற்றி, அந்த எட்டுப் பேரைப் பற்றி, அவர்களில் ஒருவன் தூக்கத்தில் பாடுவதைப் பற்றி. மூன்று வருஷம் கடிதத்தில் எழுதாததையெல்லாம் ஒரு டம்ளர் டீயில் பேசிவிட்டார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். செத்த பிறகும் குடும்பம் ஒன்றாக இருக்கும் என்று கேட்டு அழுதவள் நான். நான் போகிற இடத்துக்கு இவர் வரமாட்டார் என்பது அந்த நாலரை மணிக்கு எனக்குத் தெரிந்துவிட்டது.

டீ எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றார். இரண்டு டம்ளரையும் கொண்டுபோய்க் கழுவினேன். ரொட்டித் தட்டும் அங்கேதான் கிடந்தது. அதையும் கழுவித் துடைத்து, அலமாரியின் மேல்தட்டில் கவிழ்த்து வைத்தேன்.