செங்கல்பொடி நிறத்தில் ஒரு வடிதாள்

2001-ம் வருஷம், சித்திரை மாதம். கொல்லிமலையில் திருப்புலி நாடு என்கிற ஊர்த்தொகுதியில், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மொட்டைமாடியில், காற்றை உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை நகரத்து ஆய்வுக்குழு வைத்திருந்தது. காட்டுத்தீப் புகையும் தூசும் எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குப் போகின்றன என்று இப்படிப் பல இடங்களில் அளக்கிறார்களாம். தினமும் காலையில் அதில் தூசைப் பிடிக்கும் வடிதாளை மாற்ற வேண்டும். வானம், காற்று, அக்கம்பக்கத்தில் எரியும் தீ எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும். அது என் வேலை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பி.எஸ்சி. இயற்பியல். ஒரு நாள்கூட எழுதாமல் விட்டதில்லை.

ஒரு வாரம் எதிர்மலையே தெரியாமல் வானம் மங்கிக் கிடந்தது. குழுவின் அதிகாரி ஜீப்பில் வந்து நோட்டைப் புரட்டினார். தீ என்ற கட்டத்தில் ஏழு நாளும் 'இல்லை' என்று எழுதியிருந்தேன்.

"உங்க ஆளுங்க காட்டைக் கொளுத்தாம எப்படிம்மா இவ்வளவு புகை? சொந்த ஊருன்னு மறைக்கிறியா?"

"இல்லீங்க சார். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்குதுங்க. அவுக்கற வரைக்கும் யாரும் காட்டுல நெருப்பு வைக்க மாட்டாங்க."

சிரித்தார். "சாமிக்குப் பயந்தா புகை நிக்கும்? 'உள்ளூர்த் தீ'ன்னு எழுது. இல்லன்னா வேற ஆளப் பார்த்துக்கறேன்."

பள்ளிக்கூட வாசலில் நின்ற என் அப்பா விடவில்லை. "வெதைக்கறதுக்கு முன்னால எரிக்கணும்னு வெட்டிப் போட்ட முள்ளு அப்படியே காஞ்சு கெடக்குதுங்க. வேணும்னா நீங்களே வந்து ஒரு குச்சி கிழிச்சுப் போடுங்க சார். அம்மனுக்குப் பதிலும் நீங்களே சொல்லிக்கங்க!"

நான் அந்த வார வடிதாள்களை எடுத்து மேசையில் வைத்தேன். புகை என்றால் தாள் கருக்கும். இதுவோ செங்கல்பொடி நிறத்தில் இருந்தது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. 'உள்ளூர்த் தீ' என்று எழுதிக் கொடுத்தால், அந்த அறிக்கையைக் காட்டி நாளைக்கு வனத்துறை எங்களைக் காட்டில் விதைக்கவே விடாமல் செய்யலாமே! நான் எழுத மாட்டேன் என்றேன். அவரே ஏழு கட்டங்களிலும் சிவப்பு மையில் 'உள்ளூர்த் தீ' என்று எழுதினார். தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு, என்னையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து ஜீப் மறுபடி வந்தது. அதிகாரி ஒரு வரைபடத்தை விரித்தார். அந்த வாரக் காற்று வந்த வழியைக் கம்ப்யூட்டரில் நாள் நாளாகப் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் மலையில் தொடங்கிய கோடு கடலைத் தாண்டி அரபுப் பாலைவனத்தில் போய் நின்றது. செயற்கைக்கோள் படத்திலும் அதே வழியில் பழுப்பாக ஒரு பட்டை. தாளில் இருந்தது பாலைவன மண்.

"நாளையிலிருந்து வேலைக்கு வந்துடும்மா" என்றார். அவ்வளவுதான். எங்கள் ஊராரைத் திருடர்களைப் போலப் பேசியதற்கு ஒரு வார்த்தை இல்லை.

நோட்டைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். "வாரேனுங்க சார். நீங்க எழுதுனத நீங்களே அடிச்சுக் கையெழுத்துப் போட்டுடுங்க." என்னை முறைத்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

இன்றைக்கும் வானம் மங்கும்போது யாராவது சட்டென்று எங்கள் மலையைக் கைகாட்டினால், ஏழு கட்டங்களிலும் அவர் அடித்த அந்தக் கோடுகள்தான் கண்ணில் நிற்கின்றன. கோபம் மட்டும் இன்னும் அடங்கவில்லை.