ஏழு மணிக்கும் விடியாத கிரகம்

ரத்தினம்மாவை இதை எழுதுகிறவன் முதலில் பார்த்தது அறுபத்து நான்காம் வருஷம், சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில், தன் கையில் ஓர் ஆட்டிறைச்சிப் பொட்டலத்தோடு. அவன் கிராஞ்சிக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், வளர்ந்து, குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, சிராங்கூன் சாலைப் பக்கம் ஆசிரியர் வேலைக்கு வந்த புதிது. கூடத் தங்கியிருந்த மூன்று பேருக்கும் சேர்த்து அன்றைக்குச் சமையல் முறை அவனுடையது. ரத்தினம்மாவின் கடையில் அரைத்த மிளகாய், மஞ்சள், மல்லி, சீரகம் எல்லாம் ஈரம் மினுங்கக் குவியல் குவியலாக இருந்தன. எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள், தேங்காய்ப்பால் ஊற்றுவீர்களா, எலும்புக்கறியா தனிக்கறியா என்று அவர் வரிசையாகக் கேட்டார். அவன் ஒவ்வொரு கேள்விக்கும் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தான். அவன் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி படிச்சிருக்கீங்க?" என்றார்.

"பி.ஏ. அக்கா."

"சரி, அதுல கொழம்பு வைக்கச் சொல்லித் தரல போல" என்று சொல்லிவிட்டு, அவராகவே ஒவ்வொரு குவியலிலும் விரலால் வழித்து வாழையிலையில் வைத்துக் கட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து அவன் பி.ஏ. தம்பி ஆனான். குழம்பு நன்றாகவே வந்தது.

அந்த விரல்களுக்குப் பின்னால் இருபது வருஷ அம்மி இருந்தது. ரத்தினம்மா கல்யாணமாகிச் சிங்கப்பூருக்கு வந்தபோது வயது பதினாறு. கணவர் தங்கராஜு துறைமுகத்தில் வேலை செய்தார். கூலி லயனில் எழுதப் படிக்கத் தெரிந்த சிலரில் ஒருவர். ஜப்பான்காரன் காலத்தில், நாற்பத்து மூன்றாம் வருஷம் கார்த்திகை மாதம், மகள் கமலா பிறந்தாள். தங்கராஜு காலண்டரில் மாதத்தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கம் தேதியையும் 'காலை மணி நாலு' என்பதையும் எழுதி வைத்தார். மூன்று மாதத்தில் அவரைச் சயாம் ரயில் பாதைப் பழுது வேலைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. அவர் கையெழுத்தென்று வீட்டில் மிஞ்சியது அந்தத் தாள் ஒன்றுதான்.

சண்டை முடிந்து கடிதப் போக்குவரத்து சீரானதும், ரத்தினம்மா அந்த நேரத்தை ஒருவரிடம் எழுதச் சொல்லிக் கும்பகோணத்து ஜோசியர் ஒருவருக்கு அனுப்பினார். ஜாதகம் வந்தது. துலா லக்கினம், எட்டாம் இடத்தில் செவ்வாய். பெண்ணுக்கு எட்டில் செவ்வாய் என்றால் மாங்கல்யத்துக்கு ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். தங்கராஜுவின் அக்கா பாக்கியலட்சுமி அதற்கு மேலும் ஒரு படி போய், "அப்பனை முழுங்கின ஜாதகம்" என்று பெயரே வைத்துவிட்டார். அதைக் கேட்டுக் கேட்டே கமலா வளர்ந்தாள். மருந்துக்கடையில் வேலைக்குப் போனாள். மூன்று வரன்கள் வீடு வரை வந்து, ஜாதகத்தைப் பார்த்த பிறகு வராமல் போயின.

அறுபத்தாறில் நான்காவது வரன் வந்தது. ஞாயிறு தோறும் மசாலா வாங்க வரும் தங்கம் என்ற அம்மாளின் மகன் பாலகிருஷ்ணன், துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். கமலாவை அவனுக்குப் பிடித்திருந்தது. கமலாவும், அம்மா கேட்காமலேயே, இரண்டு ஞாயிறு மார்க்கெட்டுக்கு வந்து கடையில் நின்றாள். வெள்ளிக்கிழமை வருகிறேன், ஜாதகத்தை எடுத்து வையுங்கள் என்று தங்கம் சொல்லிவிட்டுப் போனார்.

பாக்கியலட்சுமிக்கு விஷயம் எட்டியது. புதிதாக ஒன்று எழுதி வாங்கிவிடு என்று யோசனை சொன்னார். "நேரத்தைக் கொஞ்சம் முன்னப்பின்ன போட்டா யாரு கண்டா?"

"அது அவரு கைப்பட எழுதினது அண்ணி" என்றார் ரத்தினம்மா. "அதை நான் பொய்யாக்க மாட்டேன்."

அப்படியென்றால் பெண்ணை அம்மியோடு உட்கார வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு அண்ணி எழுந்து போனார். ரத்தினம்மா பிஸ்கட் டின்னிலிருந்து ஜாதகத்தை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இரண்டு நாள் போயிற்று. புதன்கிழமை சாயங்காலம் கமலாவே வந்து டின்னை மூடினாள். உள்ளதைக் கொடுத்துவிடலாம், பிறகு தெரிந்தால் இன்னும் கேவலம் என்றாள். பிறகு, சமூக நிலையத்துக்குப் போய் டிவி பார்க்கலாம் என்று அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே எட்டு மணிக்கு ஆங்கில நாடகம். புதன்கிழமைகளில் பி.ஏ. தம்பி முன் பெஞ்சில் உட்கார்ந்து தமிழில் சொல்வது வழக்கமாகியிருந்தது. ரத்தினம்மாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் இடம் காலியாக இருக்கும். அவர் கைக் காரம் கண்ணைக் கரிக்கும் என்று ஒருவரும் உட்கார மாட்டார்கள். பின்னால் சர்பத் கடை ஜலாலுதீன். படத்தில் ஒருவன் வாயைத் திறப்பதற்குள் ஜலாலுதீன் திறந்துவிடுவார்.

அன்றைய கதையில் நான்கு பேர் விண்கலத்தில் போய் வேறொரு கிரகத்தில் இறங்கினார்கள். அங்கே உயிர் உண்டா என்று தேட வந்தவர்கள் என்று தம்பி சொன்னான். எந்தக் கிரகம் என்று கூட்டத்தில் யாரோ கேட்க, செவ்வாய் என்றான்.

ரத்தினம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "இங்கயும் இவன்தானா" என்றார் கமலாவிடம். எழுந்துவிடலாம் என்றுகூடப் பார்த்தார். ஆனால் அவர் இருபது வருஷமாகப் பயந்த இடம் வெறும் கல்லும் புழுதியுமாகத் திரையில் கிடந்தது. ஒரு கோழிகூட இல்லாத காலி மனை மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நான்கு பேரும் தினமும் காலை ஏழு மணிக்கு இறங்கித் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. பத்தாம் நாள் தலைவன் சன்னலருகே வந்து நிற்கிறான். கடிகாரம் ஏழு காட்டுகிறது. வெளியே கும்மிருட்டு.

"கடிகாரம் கெட்டுப்போச்சு லா. ரிப்பேருக்கு தேக்காவுக்குத்தான் வரணும்" என்றார் ஜலாலுதீன்.

கெடவில்லை என்று தம்பி விளக்கினான். கொஞ்சம் நீளமாகவே விளக்கினான். செவ்வாயில் ஒரு நாள் என்பது நம்முடைய நாளைவிடச் சுமார் நாற்பது நிமிஷம் கூடுதல். இவர்கள் தங்கள் ஊர் நேரத்தையே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாளுக்கு நாற்பது நிமிஷமாகத் தள்ளித் தள்ளி, பத்து நாளில் இவர்களுடைய ஏழு மணி அங்கே நடுநிசியாகிவிட்டது.

"இதுக்கா இவ்வளவு சொல்றீங்க?" என்றார் ரத்தினம்மா. "ஜப்பான்காரன் காலத்துல நமக்கே அப்பிடித்தானே இருந்துச்சு. ஏழு மணிக்கும் விளக்கேத்தித்தான் உலை வைப்பேன்."

வயதானவர்கள் சிரித்தார்கள். ஆளாளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஊரைப் பிடித்த மறுநாளே எல்லாக் கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்கு மாற்றச் சொன்னார்களே, ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தோமே என்றார் ஒருவர். "அவனுக்கு விடிஞ்சா நமக்கும் விடிஞ்ச மாதிரி" என்றார் ஜலாலுதீன். போர் முடிந்து வெள்ளைக்காரன் வந்துதான் அதைப் பழையபடி வைத்தான்.

சிரித்துக்கொண்டிருந்த ரத்தினம்மாவின் வாய் அப்படியே நின்றது.

திரையில், உத்தரவை மீறி ஒருவன் தனியாக வெளியே போனான். அவன் கடிகாரத்தில் பகல் சாப்பாட்டு வேளை, கிரகத்தில் அப்போதுதான் சூரிய உதயம். வெளிச்சம் பட்டதும் கற்களின் வெடிப்புகளிலிருந்து மெல்லிய இதழ் போன்றவை ஆயிரக்கணக்கில் விரிந்தன. அவை உயிர்கள். ஒரே குரலில் ரீங்கரித்தன. வெயில் ஏறியதும் மூடிக்கொண்டன. பத்துத் தலை அரக்கனை எதிர்பார்த்த கூட்டத்துக்குப் பெரிய ஏமாற்றம். இதற்கா இவ்வளவு தூரம் போனார்கள் என்று பேசிக்கொண்டு கலைந்தார்கள்.

ரத்தினம்மா அதில் பாதியைப் பார்க்கவில்லை. அவர் அந்தக் கார்த்திகை இருட்டில் இருந்தார். குழந்தை பிறந்துவிட்டது. மருத்துவச்சி வீடு திரும்பவேண்டும். சிப்பாய் நிற்பான், இருட்டில் போகமாட்டேன் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மூன்று தரம் வெந்நீர் போட்டாயிற்று. இன்றைக்கு விடியவே மாட்டேன் என்கிறதே என்று அவள் சலித்துக்கொண்டது இப்போதும் காதில் விழுந்தது. நாலு மணிக்குப் பிறந்திருந்தால் ஆறு மணிக்கு வெளுத்திருக்க வேண்டாமா? வெளுக்கவில்லை. தங்கராஜு வேலைக்குக் கிளம்பி ஏழு மணிச் சங்கு ஊதியபோதும் வெளியே இருட்டுத்தான்.

பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்த தம்பியிடம் வந்து நின்றார். "தம்பி, அந்தக் கடிகாரம் பொய் சொல்லலையே?"

"இல்லக்கா. கடிகாரம் அது ஊருக்குச் சரிதான். அவங்க இருந்த எடம்தான் வேற."

"அப்ப எழுதி வச்சவரு மேலயும் தப்பில்ல" என்றார். அவன் விழித்தான். விஷயத்தைக் கமலாதான் அவனுக்குச் சொன்னாள்.

மறுநாள் கடையை அடைத்துவிட்டு, ரத்தினம்மா தாளை எடுத்துக்கொண்டு கந்தப்பு வீட்டுக்குப் போனார். கந்தப்பு யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், பஞ்சாங்கம் பார்ப்பதில் கெட்டிக்காரர். முன்பு வந்த மூன்று வரன்களுக்கும் பொருத்தம் பார்த்து, ஆகாது என்று சொன்னவர் அவர்தான். ரத்தினம்மா தாளை வைத்து, இந்த நாலு மணி ஜப்பான்காரன் நேரம் என்றார்.

கந்தப்பு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். திரும்பப் போட்டுக்கொண்டார். "நானும் அந்த நேரத்துக்குத்தானே பிள்ளை வேலைக்குப் போனனான்" என்றார். "மூண்டு தரம் இந்தச் சாதகத்தைப் பாத்தும் எனக்கு மண்டையிலை இது ஓடேல்லை."

பென்சிலை எடுத்தார். நாலு மணியில் ஒன்றரை மணியைக் கழித்தார். இரண்டரை. பஞ்சாங்கத்தைப் புரட்டினார், கட்டம் போட்டார், சரியா என்று இன்னொரு தரம் போட்டார். ரத்தினம்மா அவர் பென்சிலின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கன்னி லக்கினம்" என்றார் கந்தப்பு. "செவ்வாய் ஒன்பதிலை. தோசம் ஒண்டுமில்லை."

ரத்தினம்மா எழுந்து வாசலுக்குப் போனார். முகத்தைத் துடைத்தால் மிளகாய்க் கை கண்ணில் படும் என்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணீர் தானாகக் காயும் வரை அங்கேயே நின்றார்.

வெள்ளிக்கிழமை தங்கம் வந்தார். புது ஜாதகத்தை மட்டும் நீட்டியிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். ரத்தினம்மா அப்படிச் செய்யவில்லை. பழையது, புதியது, தங்கராஜுவின் தாள் மூன்றையும் பரப்பி வைத்து, செவ்வாயில் இறங்கியவர்கள் கதையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். கமலா உள்ளே கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல, நமக்கே இது நம்பும்படி இல்லையே என்று ரத்தினம்மாவுக்குத் தோன்றியது. மூன்று வரன் தட்டிப்போன பிறகு, நான்காவதற்கு இரண்டு நாள் முன்னால், டிவி பார்த்துத் தோஷம் போயிற்று என்றால் யார் நம்புவார்கள்?

தங்கம் மூன்றின் மேலும் கண்ணை ஓட்டினார். தாளை மட்டும் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "அக்கா, எம்மகன் பொறந்தது நாப்பத்திரெண்டு ஆடி" என்றார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாளாகத் தங்கம் பெருமையாகப் பெட்டியில் வைத்திருந்த ஜாதகமும் தோக்கியோ நேரத்தில் எழுதியதுதான். அதை மாற்றிப் போட்டால் என்ன வந்து விழுமோ என்ற பயம் இப்போது அவர் முகத்துக்கு வந்தது. ரத்தினம்மாதான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். பெண் பார்க்க வந்தவரும் பெண்ணைப் பெற்றவரும் ஒரே பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தோடு அன்றைக்கே கந்தப்பு வீட்டுக்கு நடந்தார்கள்.

பாலகிருஷ்ணனுக்கு லக்கினமே மாறவில்லை. அதே ராசிக்குள் கொஞ்சம் பின்னால் நகர்ந்ததோடு சரி. இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டுக் கந்தப்பு, பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றார். தங்கம் பெருமூச்சு விட்ட சத்தம் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். ஆவணியில் கல்யாணம். அதற்குள் செய்தி பரவி, ஜப்பான்காரன் காலத்தில் பிள்ளை பெற்றவர்களெல்லாம் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு கந்தப்பு வீட்டு வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். மனிதர் ஒரு மாதம் பகலில் தூங்கவில்லை.

பாக்கியலட்சுமி கல்யாணத்துக்கு வந்தார். "நான் அன்னிக்கே நேரத்தை மாத்தச் சொன்னேன்" என்றார். ரத்தினம்மா அவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னார். அப்பனை முழுங்கின ஜாதகம் என்ற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

போன வருஷம் கமலாவுக்கு மகள் பிறந்தாள். நர்ஸ் வந்து நேரம் சொன்னதும், இது எந்த ஊர் நேரம் என்று ரத்தினம்மா கேட்டார். சிங்கப்பூர் நேரம்தான் பாட்டி என்று அந்தப் பெண் சிரித்தாள். அப்படியும் சன்னல் வழியாக வெளியே வெளிச்சம் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் எழுதிக்கொண்டார்.

ரத்தினம்மா இப்போது குவீன்ஸ்டவுனில், மகள் வீட்டில் இருக்கிறார். விடியற்காலை பஸ்ஸில் தேக்காவுக்கு வந்து மசாலா அரைக்கிறார். மத்தியானம் திரும்பிப் பேத்தியைப் பார்த்துக்கொள்கிறார்.